கம்பெனியில் சேர்ந்தால் நம் பாட்டு நம் பாட்டாக இருக்குமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சுங்கை சிப்புட்டில் நீங்கள் மூன்று பேர் சேர்ந்து உறுமி அடியோடு ராப் பாடுகிறீர்கள். இரண்டு பாட்டு யூடியூப்பில் ஓரளவு ஓடியிருக்கிறது. இப்போது கோலாலம்பூர் கம்பெனி ஒன்று, அடுத்த பாட்டுக்கு வீடியோ எடுத்துத் தருகிறோம், டிவியிலும் ரேடியோவிலும் போட ஏற்பாடு செய்கிறோம் என்கிறது. குழுவில் ஒருவர், "போனால் மெயின்ஸ்ட்ரீம் ஆகிவிடுவோம், நம்முடையது என்று எதுவும் மிஞ்சாது" என்கிறார். அதனால் மெயின்ஸ்ட்ரீம் (வெகுஜன) கலைக்கும் இண்டிபெண்டன்ட் (சுயாதீன) கலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பொதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, கையெழுத்துப் போட்டால் எது போகும், போடாவிட்டால் எது போகும் என்பதுதான். அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

நானும் இந்த ஊர்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கேசட் விற்று, அப்புறம் ஒரு கடைக்குப் பின்னால் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்து, இருபது வருடத்துக்கும் மேலாக உள்ளூர்க் குழுக்களைப் பதிவு செய்து வருகிறேன். உறுமிக் குழு, கோயில் பஜனை, கல்யாணத்துக்கு எழுதிய பாட்டு, ராப் எல்லாம் வந்து போயிருக்கின்றன. ஒப்பந்தம் என்ற பெயரில் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் தாள்களையும் நிறையப் படித்திருக்கிறேன். ஆனாலும் நான் வழக்கறிஞன் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்த வித்தியாசம் ருசியைப் பற்றியது இல்லை, தரத்தைப் பற்றியதும் இல்லை, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியதும் இல்லை. இண்டிபெண்டன்ட் என்பதைச் சுருக்கிய 'இண்டி' என்ற பேச்சு பரவிய பிரிட்டனிலேயே அது வியாபார ஏற்பாட்டைக் குறித்தது. 1977இல் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற குழு, தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாட்டு கொண்ட ஒரு சின்ன இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் ஆயிரம் தட்டு அடித்தார்கள். பெரிய கம்பெனி இல்லாமலும் தட்டு போடலாம், விற்கலாம் என்று மற்ற இளைஞர்களுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. 1980 ஜனவரியில் அங்கே இண்டி பாட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே தொடங்கினார்கள். அதில் இடம்பெற இசை இப்படி இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. பெரிய கம்பெனிகளின் விநியோக வலையைத் தொடாமல் கடைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் 1980களின் கடைசியில் பாப் பாடகி கைலி மினோக்கின் ஆட்டப் பாட்டுகள் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தன. நாடே முணுமுணுத்த பாட்டு, கணக்குப்படி இண்டி! அவருடைய தட்டுகளை வெளியிட்டவர்கள் தனி விநியோகஸ்தர் வழியாக விற்றார்கள், அதுதான் காரணம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ஒரு கலை சுயாதீனமானதா என்று பார்க்க, அதன் சத்தத்தையோ உடுப்பையோ பார்த்துப் பயனில்லை. காசு யார் போட்டார்கள், மக்கள் கைக்கு யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், செய்து முடித்தபின் அது யார் பெயரில் இருக்கிறது, "இதை மாற்று" என்று யார் சொன்னால் மாற்றியே ஆக வேண்டும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வராது. காசு கம்பெனியுடையதாக இருந்து உரிமை உங்களுடையதாக இருக்கலாம். காசு உங்களுடையதாக இருந்து, முடிவெல்லாம் இன்னொருவர் கையில் இருக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சின்னதாக இருப்பதையே சுயாதீனம் என்று நினைக்கிறார்கள். ஊரில் நூறு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு குழு, கோயில் தலைவரோ அரசியல் கட்சிக்காரரோ சொல்வதை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் அது சின்னதுதான், சுயாதீனமானது இல்லை.

நம் மொழிக்கும் இது புதிதில்லை. சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடப்போவதில்லை, கடைகளில் கிடைக்காது, வேண்டியவர்களுக்கு நேரில் அனுப்பப்படும் என்று அறிவித்தார். அது 1970 வரை வந்தது. அந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தன் பத்திரிகை எந்த வழியில் போக வேண்டும் என்பதையும், எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். புதுக்கவிதை தமிழில் வேர்பிடித்ததில் அந்தச் சிறிய பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே காலத்தில் ஜெயகாந்தன் 'சரஸ்வதி' போன்ற சிற்றிதழிலும் எழுதினார், லட்சக்கணக்கானவர்கள் படித்த ஆனந்த விகடனிலும் எழுதினார். விகடனுக்குப் போனதும் அவருடைய குரல் அடங்கிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தன்னிடம் எதை மாற்றச் சொல்லக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஆக, இடம் மாறினாலே ஆள் மாறிவிடுவார் என்ற உங்கள் நண்பரின் பயம் பாதிதான் சரி.

தமிழ் இசைக்கு வந்தால் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. நமக்கு இசை என்றாலே சினிமாப் பாட்டுதான் என்று ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதனால் படத்தில் வராத பாட்டு எதுவானாலும் அதற்கு இண்டி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சென்னையில் திங்க் மியூசிக் நிறுவனம் 'திங்க் இண்டி' என்றே ஒரு பிரிவு நடத்துகிறது. அதில் நல்ல பாட்டுகள் வந்திருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் சினிமாப் பாட்டை வெளியிடும் ஒரு நிறுவனம் வெளியிடும் பாட்டு, சினிமாவில் வரவில்லை என்பதால் மட்டும் சுயாதீனமாகிவிடாது. கலைஞருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும், அந்தத் தாள் நம் பார்வைக்கு வராது. ஆகவே சென்னைப் பேச்சில் வரும் இண்டி என்ற சொல்லை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் தமிழில் பாடுகிற ஒருவர் எந்தக் கணக்கில் மெயின்ஸ்ட்ரீம்? இந்தியர்கள் மொத்தமே மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு. ராகா, மின்னல் ரேடியோக்களில் நம் பாட்டு ஒலித்தால், ஆஸ்ட்ரோ வானவில் டிவியில் முகம் தெரிந்தால், நாம் குடியிருக்கும் தாமானில் எல்லோரும் நம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள். பக்கத்து மலாய்க் கம்போங்கில் (கிராமத்தில்) இருப்பவருக்கு நாம் யாரென்றே தெரியாது. இன்னொரு பக்கம், அந்த ரேடியோவிலேயே கோடம்பாக்கத்துப் பாட்டுக்கு நடுவில்தான் நமக்கு இடம். நாட்டுக்குள் ஒரு ஓரம், மொழிக்குள் இன்னொரு ஓரம். நம் கலைஞர்கள் நிற்பது இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்.

இதை நாடே பார்த்த சம்பவம் ஒன்று இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம் 2015 டிசம்பரில் வெளிவந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறி புறம்போக்குக் குடிசைகளில் குடியேறிய குடும்பத்தில், 1990களில் வளரும் ஒரு சிறுவனின் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியில் இல்லாத படங்களுக்கென்று தனிப் பிரிவு ஒதுக்கி, அதில் இதைப் போட்டார்கள். இந்த நாட்டில் எடுத்த, இந்த நாட்டு மக்களைப் பற்றிய படம் ஏன் தனிப் பந்தியில் உட்கார வேண்டும் என்று மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். பிரிவுகளை மாற்றி அமைத்த பின், சிறந்த மலேசியப் படம் என்ற விருதே 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் அதையேதான் பேசினார்கள், எனக்கும் மனசு நிறைந்திருந்தது. ஒரு படம் மையத்தில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதை அதன் உள்ளடக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பிரிவுகளை வகுக்கிறவர்களும் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு முன்னால் போனவர்களில் யோகி பியைப் பாருங்கள். முதலில் பொயட்டிக் அம்மோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பாடினார். 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ரா என்று 'வல்லவன்' தொகுப்பைத் தமிழில் கொண்டுவந்தார். அதில் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு, 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டின் மேல் கட்டியது. அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல். சினிமா இசையை எடுத்துத்தான் சினிமாவுக்கு வெளியே ஒரு பாதை போட்டார்கள், அந்தப் பாதை திரும்பவும் சினிமாவுக்குள் போனது. இரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. பொருள் அங்குமிங்கும் போய் வந்துகொண்டேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பாட்டுக்கு அவசியமான ஒன்றை இனி சொல்ல வேண்டும். மெயின்ஸ்ட்ரீம், இண்டிபெண்டன்ட் என்ற இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது, இன்னும் இருக்கிறது. உறுமி மேளம் எந்தக் கம்பெனியும் காசு போட்டு வளர்த்ததில்லை. அதே சமயம் தனி ஒரு கலைஞர் "இது என் படைப்பு" என்று சொல்லும் வகையும் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் அடித்தார்கள். தோல் மாற்ற வசூல் செய்தார்கள். மேளம் கோயில் அறையில் இருந்தது. கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டி செம்பனை நட்டு, அப்புறம் தோட்டத்தையே கூறுபோட்டு விற்று, சனங்கள் டவுன் ஓரத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது எத்தனையோ விட்டுப்போயின. தெருக்கூத்து போட்டவர்கள் குறைந்தார்கள், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது நின்றது. உறுமி மட்டும் கூடவே வந்தது. தூக்கிக்கொண்டு வரக்கூடியது, பத்து இருபது பையன்களுக்கு ஒரே சமயத்தில் இடம் தரக்கூடியது, தைப்பூசத்துக்கு வருடா வருடம் தேவைப்படக்கூடியது.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் முதலில் கைவைக்கப்போவது அதில்தான். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்போம். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்போம். அந்தத் தேய்ப்பில்தான் மாடு அடிவயிற்றிலிருந்து உறுமுவது போன்ற அந்த நீளமான முனகல் வருகிறது. கை அழுத்தம் கூடக் கூடச் சுருதி வளைந்து ஏறும். அதில் பெரும் பகுதி மிகத் தாழ்ந்த ஒலி. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி வராது, வெறும் டப்டப் என்ற அடி மட்டும் கேட்கும். கோயிலில் சாமி இறங்கும் வரை பத்து நிமிடம்கூட ஒரே நடையில் ஏற்றிக்கொண்டே போவார்கள். ரேடியோவுக்கு மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், முதல் சில விநாடிகளில் குரல் வந்துவிட வேண்டும். அதனால் மிக்ஸ் செய்கிறவர் தேய்ப்பைக் குறைத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் கிக் டிரம்மை அதன் இடத்தில் வைப்பார். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. காரில், கைப்பேசியில், கடையில் எங்கே போட்டாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பது அவர் வேலை. ஆனால் பாட்டு முடிந்து கேட்டால் உறுமி பேருக்கு இருக்கும், உறுமல் இருக்காது. பலர் கேட்கும்படி செய்வதற்குக் கொடுக்கிற விலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கொள்கையை விட்டுக்கொடுத்ததாக யாருக்கும் தோன்றாது, சத்தத்தில் ஒரு கூறு காணாமல் போயிருக்கும்.

அந்த மூன்றாவது வகைக்கு உரிமை என்ற விஷயத்தில் பெரிய பலவீனம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொந்தமானதை முதலில் பதிவு செய்கிறவர் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடிகிறது. பழைய கும்மி மெட்டையோ கோயில் நடையையோ ஒருவர் பதிவு செய்து வெளியிட்டுவிட்டால், அதே நடையை அடிக்கும் இன்னொரு குழுவின் வீடியோவை யூடியூப்பின் தானியங்கி அடையாளம் காணும் முறை பிடித்துக்கொண்டு, வருமானத்தை முதலில் பதிந்தவர் பக்கம் திருப்பிவிடக் கூடும். என்னிடம் பதிவு செய்த ஒரு கோயில் குழுவுக்கு இது நடந்தது. ஆட்சேபம் எழுதி அனுப்பி, பிறகுதான் விடுவித்தார்கள்.

'என்ஜாய் எஞ்சாமி' நினைவிருக்கும். 2021இல் வந்து உலகத்தையே ஆட்டுவித்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருக்கிறது என்று அதைப் பாடிய அறிவு சொன்னார். தோட்டத்து மக்களின் கதை சினிமாவின் துணையில்லாமல் அவ்வளவு தூரம் போனதைப் பார்த்து இங்கே நாமெல்லாம் பெருமைப்பட்டோம். சுயாதீனக் கலைஞர்களுக்கென்றே தொடங்கிய மேடை அதை வெளியிட்டது. அப்புறம் அதை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பொதுவெளியில் வாக்குவாதம் நடந்தது. 2024இல் இசையமைத்த சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டின் வருமானத்தில் ஒரு காசும் தன் கைக்கு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பெயரில் சுயாதீனம் இருப்பதால் மட்டும் கணக்கு வழக்கு சரியாக இருந்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நண்பர்களுக்குள் பாட்டு செய்யும்போதே யார் எதை எழுதினார்கள் என்று தாளில் குறித்துக்கொள்வது பெரிய கம்பெனியைச் சந்திப்பதைவிட முந்திய வேலை.

மெயின்ஸ்ட்ரீமின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், இந்த விவாதத்தில் அதற்காகப் பேச ஆள் குறைவு. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தோட்டங்களில் அது தினமும் வந்த வெகுஜனப் பத்திரிகை. நம் நாட்டுத் தமிழ்ச் சிறுகதை பெருமளவு வளர்ந்தது இப்படிப்பட்ட நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில்தான். தோட்டத்துக் கிராணிமாரும் (கணக்கர்களும்) தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் எழுதி அனுப்பினார்கள், அச்சில் பார்த்தார்கள், மறுபடி எழுதினார்கள். தனியாகப் பத்திரிகை நடத்த அவர்களிடம் காசு ஏது? அதேபோல ரேடியோ. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பி, ரப்பர் பால் எடுத்து முடித்து வீடு திரும்பும் அம்மாக்களுக்கு ரேடியோதான் துணை. நம் ஊர்ப் பிள்ளையின் குரல் அதில் வந்தபோது அவர்கள் அடைந்த சந்தோஷத்தை எந்த சுயாதீன மேடையும் கொடுத்திருக்க முடியாது. உங்கள் பாட்டி உங்கள் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால், அவர் யூடியூப்பில் தேடிப் பார்க்கப்போவதில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதியை உறுதியாகச் சொல்லலாம். இனி சொல்வது என் கருத்து, துறையில் இருப்பவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. இணையம் வந்தபின் எல்லோருமே சுயாதீனம்தான், இடையில் ஆளே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். பாட்டை வெளியிட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பது உண்மை. கேசட் காலத்தில் மாஸ்டர் டேப், உறை அச்சு, கடைக்காரரின் கடன் எல்லாவற்றுக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று சிறு தொகை கட்டினால் விநியோகச் சேவைகள் எல்லாத் தளத்திலும் ஏற்றிவிடுகின்றன. ஆனால் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் வாசற்காரர் போய்விட்டாரா என்றால், என் பார்வையில் இல்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஒலித்திருந்தால்தான் அந்தப் பதிவுக்குப் பங்கு தருகிறது. யூடியூப்பில் விளம்பரப் பங்கு கேட்க ஆயிரம் சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் என்ற குறு வீடியோக்களில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இந்த விதிகளை நம்மிடம் கேட்டு வைக்கவில்லை, நாளைக்கு மாற்றினாலும் கேட்கப்போவதில்லை. இதைச் சுதந்திரம் என்று சொல்வதா, புது முதலாளி என்று சொல்வதா என்பதில் நல்ல அறிவாளிகளே பிரிந்து நிற்கிறார்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு அதிகம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு வருவோம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி இன்னொன்று, இதைத்தான் மாஸ்டர் என்கிறோம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, எழுதியவர் காலத்துக்கும் அதன்பின் 50 வருடத்துக்கும் நீடிக்கும். பதிவு செய்து வாங்க வேண்டியதில்லை, படைத்தபோதே வந்துவிடுகிறது. சான்றுக்காக மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப் பதிவும் செய்துகொள்ளலாம். ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவைக் கட்டாயம் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு நீங்கள் செய்து கொடுத்த படைப்பின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவருக்கே போய்விட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கம்பெனி "எங்களுக்கு ஒரு பாட்டு செய்து கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் "சரி அண்ணே" என்று செய்து கொடுத்தால், எதிலும் கையெழுத்துப் போடாமலேயே பாட்டு கைமாறியிருக்கலாம். கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எழுதாமல் விடுவது சில சமயம் அதைவிட மோசம்.

என்னிடம் ஒரு பையன் கொண்டுவந்த ஒப்பந்தம் இரண்டே பக்கம், முழுதும் ஆங்கிலம். முதல் பக்கத்தில் வீடியோ, உடுப்பு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கம்பெனி செலவு என்று அழகாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியில், பாட்டும் பதிவும் குழுவின் பெயரும் எக்காலத்துக்கும், உலகம் முழுதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரே வாக்கியம். செலவு செய்த தொகை வருமானத்திலிருந்து முதலில் கழிக்கப்படும் என்று அதற்குக் கீழே. அதாவது கம்பெனி செலவு என்று சொன்னதெல்லாம் அவன் கணக்கில் கடனாக ஏறுகிறது. குழுவின் பெயரையுமா கொடுக்கப்போகிறாய் என்று கேட்டேன். அவன் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்லை. திரும்பப் போய், பெயரையும் மெட்டையும் வெளியே எடுத்து, மாஸ்டரை ஐந்து வருடத்துக்கு மட்டும் கொடுப்பதாகப் பேசினான். கொஞ்சம் முறைத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். பாட்டு ரேடியோவில் வந்தது. இன்று அந்த மாஸ்டர் அவன் கையில் இருக்கிறது.

ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வரி, மெட்டு, குழுப் பெயர் மூன்றும் உங்களிடமே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மாஸ்டர் அவர்களுக்குத்தான் வேண்டும் என்றால் எத்தனை வருடம் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். கழிக்கப்போகும் செலவுக்கு உச்சவரம்பு கேளுங்கள். கடைசி மிக்ஸைக் கேட்டு ஒப்புதல் சொல்லும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், உறுமியின் தேய்ப்பைக் காப்பாற்ற வேறு வழியில்லை. இந்த நான்கில் எதற்கும் அவர்கள் அசையவில்லை என்றால், உங்கள் நண்பர் பயப்படுவது நியாயம். இரண்டு மூன்றுக்குச் சரி என்றால் எந்த மேடையிலும் போய்ப் பாடுங்கள், மெயின்ஸ்ட்ரீம் என்று யார் சொன்னாலும் கவலைப்பட வேண்டாம். மாஸ்டர் பற்றி உங்கள் மூன்று பேருக்குள்ளேயே கருத்து வேறுபட்டால், ஒருவரை விட்டுவிட்டு மற்ற இருவர் கையெழுத்துப் போடாதீர்கள். குழுக்கள் உடைந்ததை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இன்னும் ஒன்று. உங்கள் இரண்டாவது பாட்டின் நடுவில் வருகிற நடை, எல்பில் தோட்டத்துப் பக்கம் பழைய குழுக்கள் அம்மன் அழைப்புக்கு அடிப்பது போலவே இருக்கிறது. எங்கே கற்றீர்கள் என்று தெரியாது. யாராவது ஒரு மாமாவோ தாத்தாவோ சொல்லிக் கொடுத்திருந்தால், ஒப்பந்தம் பேசுவதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். அந்த நடை பாரம்பரியமானது, யாருடைய தனிச் சொத்தும் இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், வீடியோவின் கீழே அவர் பெயரையும் குழுவின் பெயரையும் போடுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால், அடுத்த திருவிழாவில் அதே நடையை அடித்துப் பதிவேற்றுகிற அவருடைய பேரப்பிள்ளைகளின் வீடியோவைக்கூடக் கம்பெனியின் கணக்கு பிடித்துக்கொள்ளக் கூடும். தாள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பெயர்களையும் தொகையையும் மறைத்துவிட்டுப் போட்டால் பத்தி பத்தியாகப் பார்த்துச் சொல்கிறேன்.